கம்பாலா வீட்டு ஆளுங்க

அக்காவுக்கு ஒரு சொந்தப் பேர் உண்டு. பூவின் பேர். எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுதமாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. "பூவு பேரு தெருவுக்கு நாலு பொம்பளைங்களுக்கு வச்சிருப்பாங்க தம்பி. நம்ம ஊட்டுப் பேரு ஒருத்தருக்கும் கெடையாது. கூப்புடறதுன்னா அதைச் சொல்லிக் கூப்புடு" என்பார். அதனால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை செய்த கம்பெனியில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் கம்பாலா அக்கா. மேனேஜர் அவரைவிட வயதில் பெரியவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கம்பாலா என்று ஆரம்பித்த வாய் அக்காவில் போய் நின்றால்தான் ஓயும்.

ஊட்டுப் பேர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பாக்கம், எளாவூர், தடா என்று ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு இன்டிபேரு என்று ஒன்று உண்டு. நமக்கு அப்பா பேரின் முதலெழுத்தோடு கதை முடிந்தது. அவர்களுக்கு வீட்டுக்கே ஒரு பேர். அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் அதைச் சுமக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே ஊட்டுப் பேர் என்றால் அவர்கள் பங்காளிகள். முகமே பார்த்திராவிட்டாலும் பங்காளிகள். பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள். நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

அக்காவுக்குப் பிறந்த வீட்டில் வந்த பேர் இல்லை இது. கட்டியவர் கொண்டுவந்தது. அவர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு தனி ஆளாக வந்து, இரும்பு ஆலையில் சேர்ந்து, எளாவூரில் குடியேறியவர். ஒரே மகனுக்குப் பிறந்த ஒரே மகன். பெண்குழந்தை பால்வாடிக்குப் போகத் தொடங்கிய வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். "பொட்டு போச்சு, பூ போச்சு. பேரை எவன் வந்து எடுப்பான்? அது எனுக்குத்தான்" என்று அக்கா ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது அழவில்லை. பட்டா கையில் இருக்கிறவர் மாதிரி சொன்னார்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர் இனிஷியல் கேட்டிருக்கிறார். அக்கா கம்பாலா என்றார். "இனிஷியல்னா ஒரு எழுத்தும்மா" என்று டீச்சர் சொல்ல, "ஒத்தை எழுத்துல எப்படி டீச்சர் குடும்பம் நடத்தறது?" என்று அக்கா கேட்டிருக்கிறார். முழுசாகத்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

எங்கள் கம்பெனியில் நெல் அரைக்கும் மெஷின் செய்தார்கள். மெஷினைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மரப்பெட்டிக்குள் ஆடாமல் நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்குவது அக்காவின் வேலை. அக்கா கட்டிய பெட்டியை மலையிலிருந்து உருட்டினாலும் உள்ளே ஒரு போல்ட்டு அசையாது. பெட்டிமேல் போகும் ஊரின் பேரை அடிப்பது என் வேலை. எழுத்து வெட்டிய தகரத்தை வைத்துக் கறுப்பு பெயின்ட் அடிக்க வேண்டும். மதுரை, கோயம்புத்தூர் என்று அடித்துக்கொண்டிருந்தவன், கம்பெனிக்கு ஏற்றுமதி வந்த பிறகு கடல் தாண்டிய ஊர்களை அடிக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் ஒரு பெரிய ஆர்டர். வரிசையாகப் பெட்டிகள். நான் அடித்துக்கொண்டே வருகிறேன், பின்னால் பட்டை இறுக்கிக்கொண்டு வந்த அக்கா நின்றுவிட்டார். அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் கழுத்தில் தொங்கும் கேட் கார்டில் அவர் பேர் இங்கிலீஷில் இருக்கிறது. அந்த எழுத்துகளின் முகம் தெரியும். கார்டைக் கையில் எடுத்தார். பெட்டியைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார்.

"தம்பி, இன்னாத்துக்கு என் பேரைப் பொட்டிமேல எழுதற?"

"உங்க பேரு இல்லக்கா. ஊர் பேரு. கம்பாலா. ஆப்பிரிக்காவுல உகாண்டான்னு ஒரு நாடு. அதுக்குத் தலைநகரம்."

"தலைநகரமா?"

"ஆமாக்கா."

"மெட்ராஸ் மாதிரியா?"

"டெல்லி மாதிரி."

பட்டை இறுக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முகம் துடைத்தார். பெட்டிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"கூடவே குடும்பம் பண்ணிக்கினு கீந்தாரே, அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றார்.

பெயின்ட் வழிந்து எழுத்து கெட்டுப்போன பலகை ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தேன். மேனேஜரிடம் கேட்டு அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். எளாவூரில் அவர் வீட்டு வாசல்படிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். தபால்காரர் முதல் கேபிள்காரர் வரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. உலகத்தில் எங்கே அந்தப் பேர் கேட்டாலும் அது நம்ம ஊட்டு ஆள். அவருடைய சொல் ஒன்று உண்டு: "பேரு தனியா வராது தம்பி. கூட ஆளைக் கூட்டிக்கினுதான் வரும். நாமதான் எழுந்து போய்க் கதவைத் தொறக்கணும்."

கேன்டீன் டிவியில் ஒரு மத்தியானம் கர்நாடகத்து எருமைப் பந்தயம் காட்டினார்கள். சேற்று வயலில் ஜோடி எருமைகள் பறக்கின்றன. அந்தப் பந்தயத்துக்குக் கம்பளா என்று பேர். செய்தி வாசிப்பவர் அதைச் சொன்னதும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குமாரு எழுந்து நின்று கை தட்டினான்.

"அக்கா, உங்க சொந்தக்காரங்க ஓடுறாங்க, பாருங்க."

கேன்டீனே சிரித்தது. அக்கா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கண்ணை எடுத்து டிவியை நிதானமாகப் பார்த்தார்.

"இன்னா வேகம் பார்த்தியாடா. நம்ம ஊட்டு எருமை. உங்க ஊட்ல மனுசனே இப்டி ஓடமாட்டான்."

அன்றிலிருந்து குமாரு அவரைக் கண்டால் எருமை மாதிரி 'ம்மா' என்று கத்துவான். அக்கா ஒருநாளும் கோபித்ததில்லை. "கூப்டு கூப்டு. ஒருநாள் அந்த எருமை வந்து நிக்கும்" என்பார்.

ஆனால் எல்லாமே வேடிக்கை இல்லை. நெல்லூரில் அதே பேரில் ஒரு கண் டாக்டர் இருப்பதாகச் சூளூர்ப்பேட்டையிலிருந்து வரும் ஒருவர் சொன்னதும், அக்கா லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. ஊசியில் நூல் கோக்க நாங்கள் அவரிடம்தான் போவோம். டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, உள்ளே போய், "பாவா, நான் கம்பாலா ஊட்டு மருமவ" என்று நின்றிருக்கிறார். பாவா என்றால் புருஷனுக்கு அண்ணன் முறை. ஊரில் எல்லோரையும் அண்ணா என்று கூப்பிடும் அக்கா, கம்பாலா என்று வந்துவிட்டால் பாவாதான். முறை மாறமாட்டார்.

டாக்டர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, தெலுங்கில் எழுதிக் காட்டியிருக்கிறார். அவர் வீட்டுப் பேரின் முதல் எழுத்து வேறு, அக்கா வீட்டுப் பேரின் முதல் எழுத்து வேறு. தெலுங்கில் அழுத்திச் சொன்னால் முள். அது டாக்டர் வீடு. மெதுவாகச் சொன்னால் கூடை. அது அக்கா வீடு. "நாம பங்காளி இல்லம்மா" என்றிருக்கிறார் டாக்டர்.

"தமிழ்ல எழுதிப் பாருங்க பாவா. ஒரே 'க'தான். நாங்க கூடையும் தூக்குவோம், முள்ளும் வெட்டுவோம்" என்றிருக்கிறார் அக்கா.

டாக்டர் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தாராம். தேவையே இல்லாத மருந்து. அக்கா கடைசிச் சொட்டுவரை விட்டுக்கொண்டார். "பாவா குடுத்தது."

யோசித்துப் பார்த்தால் எல்லாக் கூத்துக்கும் அந்த ஒரே 'க'தான் காரணம். ஆபீஸில் கேட் கார்டு அடித்தவர் தமிழ்க்காரர். ஜி போட வேண்டிய இடத்தில் கே போட்டுவிட்டார். அவர் கை சரியான எழுத்துக்குப் போயிருந்தால் அக்காவுக்கு ஒரு தலைநகரம் கிடைத்திருக்காது.

பிறகு மகளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை. மீஞ்சூர்ப் பக்கம் நெல்வயல் வைத்திருக்கும் குடும்பம், இவர்களைப் போலவே தெலுங்கு பேசுகிறவர்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் ரயிலிலேயே பழக்கம் என்று குமாரு சொன்னான், அது நமக்கு வேண்டாம். மாப்பிள்ளையின் அப்பா கஞ்சிபோட்ட வெள்ளைச் சட்டைக்காரர். நல்லவர்தான், ஆனால் தலைக்கட்டுப் பெருமை. பெண் பார்க்க வந்தபோது வாசலில் மாட்டியிருந்த பலகையைப் படித்துவிட்டு, "இன்னாத்துக்கு ஊட்டுமேல ஊர்ப் பேரை மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா, "ரெண்டும் ஒண்ணுதான் சம்பந்தி" என்றார்.

பிறகு நாள் குறிக்க மீஞ்சூரில் அவர் வீட்டுக்குப் போனோம். எல்லாம் பேசி முடித்தபிறகு அவர் மெதுவாக ஒன்று கேட்டார். நான் அன்றைக்கு அக்கா பக்கத்து ஆளாகப் போயிருந்தேன்.

"பந்தக்கால் யாரு நடுவாங்க?"

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் பெண் வீட்டு வாசலில் பந்தக்கால் நட வேண்டும். நடுவதற்குமுன் பெரியவர் ஒருவர் அந்த ஊட்டுப் பேரைச் சொல்லி, "ஊட்டு ஆளுங்க யாரு வந்திருக்கீங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார். பங்காளி ஒருவர் "நான் இருக்கேன்" என்று முன்னால் வந்து கம்பைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பெண் ஒரு வீட்டிலிருந்து போகிறாள் என்று அர்த்தம்.

"எங்க பக்கம் பங்காளிங்க மட்டும் வேன் வேனா வருவாங்க. உங்க பக்கம் யாரும் இல்லன்னு கேள்விப்பட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணை எங்க ஊட்டுக்கே முன்னாடி கூட்டிக்கினு போயி, எங்க ஆளை வச்சே கால் நட்டுக்கறோம். பேஜாரு இல்லாம முடிஞ்சுடும்" என்றார் சம்பந்தி.

"எங்க வாசல்லதான் நடணும். ஆள் வருவாங்க" என்றார் அக்கா.

திரும்பி ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் கேட்டேன், ஏன்க்கா, அவர் சொல்றதும் நல்லதுக்குத்தானே என்று.

"அந்த மனுசன் செத்தன்னிக்கும் இப்டித்தான் தம்பி குரல் குடுத்தாங்க. வாய்க்கரிசி போட. 'கம்பாலா ஊட்டு ஆளுங்க யாரு வந்திருக்கீங்க?' தெருவே நின்னுக்கினு கீது. ஒருத்தரும் பேசல. மறுபடி கூப்டாங்க. மறுபடியும் பேசல. அப்ப என் பொண்ணு எழுந்து நின்னுச்சு. பால்வாடி போற புள்ள. 'நான் கீறேன்'னுச்சு. பொட்டப்புள்ள கணக்குல வராதுன்னு உக்காரச் சொல்லிட்டாங்க." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "என் பொண்ணை ஆள் இல்லாத ஊட்டுப் பொண்ணுன்னு அனுப்பமாட்டேன். வாசல்ல குரல் குடுக்கட்டும். பதில் வரும்."

நெல்லூர் டாக்டருக்குப் போன் போட்டார். முள்ளோ கூடையோ, வந்து கம்பு பிடிக்கிறேன் என்று அவரும் மனசாரச் சொல்லிவிட்டார். அக்கா கால் தரையில் படவில்லை.

அந்த வாரம்தான் உகாண்டாவிலிருந்து ஆள் வந்தார். எங்கள் மெஷின்களை வாங்கும் வியாபாரி. அடுத்த ஆர்டரை நேரில் பார்த்து எடுத்துப் போக வந்திருந்தார். நல்ல உயரம், வெடிச் சிரிப்பு. ஷெட்டுக்குள் வந்ததும் பெட்டியில் தன் ஊர்ப் பேரைப் பார்த்துத் தட்டிக்கொடுத்தார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அவரிடம் போய்விட்டார். கேட் கார்டைத் தூக்கிக் காட்டினார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கார்டைப் படித்தார். அக்காவைப் பார்த்தார். வெடித்துச் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்ன வீடு, யார் வழி என்று விவரமாகக் கேட்டார். கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்தே சாப்பிட்டார். அவர் சொன்னதை நான் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னேன்.

அவர்கள் ஊரிலும் ஜனங்கள் குலம் குலமாகத்தான் இருக்கிறார்கள். ஒரே குலம் என்றால் பார்த்த அன்றைக்கே அண்ணன் தம்பி, கல்யாணம் செய்துகொள்ளமாட்டார்கள். கம்பாலா என்பது முன்காலத்தில் மான் மேய்ந்த மலை. மானின் பேர்தான் ஊர்ப் பேர் ஆனது.

அக்கா விரலை மடக்கினார். "நமக்குக் கூடை. டாக்டருக்கு முள்ளு. இவருக்கு மான். மூணும் ஒரே காட்டுலதானே தம்பி இருக்கும்?"

அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு, எங்கள் குலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணி காவல் உண்டு என்றார். சிங்கக் குலம் உண்டு, குரங்குக் குலம் உண்டு. உங்களுக்கு என்ன என்று நான் கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

நான் தமிழில் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது.

"இன்னாடா சொல்றாரு?" என்றார் அக்கா.

"காட்டெருமைக் குலமாம்க்கா."

குமாரு தட்டோடு நின்றுகொண்டிருந்தான். அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப கத்துடா" என்றார்.

பந்தக்காலுக்கு முந்தின நாள் டாக்டரிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை. அவருக்கே காய்ச்சல், படுத்துவிட்டார். கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுகிறேன், நாளைக்கு முடியாதம்மா என்றார். அக்கா, "ஒடம்பைப் பார்த்துக்கோங்க பாவா. கஞ்சி குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பெட்டி வரிசைக்குத் திரும்பி வந்தார். பெட்டிமேல் நான் அடித்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பெயின்ட் காயவில்லை, விரலில் ஒட்டியது.

"தம்பி, வா. கேட்டுடலாம்."

உகாண்டாக்காரர் மேனேஜரோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா கெஞ்சவில்லை. பங்காளியிடம் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னார். "பாவா, நாளைக்குக் காலைல நம்ம ஊட்டு வாசல்ல கம்பு நடணும். ஊட்டு ஆளு நீங்க ஒருத்தர்தான் ஊர்ல கீறீங்க."

மேனேஜர் பதறிவிட்டார். "அக்கா, அவரு கஸ்டமரு. கம்பு நடக் கூப்புடுற ஆளா?" அக்கா சொன்னதை அதற்குள் நான் இங்கிலீஷில் சொல்லியிருந்தேன், மேனேஜர் சொன்னதைச் சொல்லலாமா வேண்டாமா என்று விழித்தேன். உகாண்டாக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பெண்ணுக்கு அப்பா இல்லையா?" இல்லை என்றேன். "எத்தனை மணிக்கு வர வேண்டும்?" என்றார்.

மறுநாள் காலை எளாவூரில் தெருவே கூடியிருந்தது. சம்பந்தி மனைவியோடும் பங்காளிகளோடும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் வராவிட்டால் பெண்ணைக் கையோடு கூட்டிப்போக வேன் தயாராக நின்றது. மாவிலை கட்டி மஞ்சள் பூசிய மூங்கில் சுவரோரம் சாய்ந்திருந்தது. நாஷ்டா பரிமாறி முடிந்தது. நல்ல நேரம் வந்தது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் கொடுத்தார்.

"கம்பாலா ஊட்டு ஆளுங்க யாரு வந்திருக்கீங்க?"

அக்கா வாசல்படியில் நின்றிருந்தார். மகள் அவருக்குப் பின்னால். பெரியவர் மறுபடி மூச்சு இழுத்தார். அப்போது தெருமுனையில் கம்பெனி கார் திரும்பியது.

குதிகால்வரை நீண்ட வெள்ளை அங்கி, அதன்மேல் கறுப்புக் கோட்டு. அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு ஆண்கள் உடுத்துவது அதுதானாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடலாம் என்று பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். நடந்து வந்தார். தெரு தானாக வழி விட்டது. வாசலில் நின்று, அண்ணாந்து, பலகையில் இருந்த பேரைச் சத்தமாகப் படித்தார். பிறகு கையை உயர்த்தினார். நான் சொல்லிக்கொடுத்த தமிழ் அவர் வாயில் அழகாக உருண்டு வந்தது.

"நான் இருக்கேன்."

குமாருதான் முதலில் விசில் அடித்தான். சம்பந்தி எழுந்துவிட்டார்.

"இது இன்னா கூத்து? பங்காளின்னா ரத்தம் ஒண்ணா இருக்கணும். இவரு எங்க, நாம எங்க?"

நான் மொழிபெயர்த்தேன். வந்தவர் கோபப்படவில்லை. "ரத்தம் பார்ப்பது ஆஸ்பத்திரி வேலை. எங்கள் ஊரில் பேர் கேட்போம், வழி கேட்போம். நான் முதலில் சொல்கிறேன்" என்றார். நிமிர்ந்து நின்று தன் அப்பா பேரில் ஆரம்பித்தார். அப்பா, அவர் அப்பா, அவர் அப்பா. ஒரு பேரும் எங்கள் வாயில் நுழையாது, ஆனால் ஒவ்வொரு பேருக்கும் அவர் கை ஒருபடி மேலே போனது. குலத் தலைவர்வரை போய்க் கையை இறக்கினார். பிறகு சம்பந்தியைப் பார்த்து மரியாதையாகத் தலை அசைத்தார். இப்போது உங்கள் முறை.

சம்பந்தி அப்பா பேரைச் சொன்னார். தாத்தா பேரைச் சொன்னார். தாத்தாவின் அப்பாவுக்கு வந்ததும் நின்று, தன் பங்காளிகள் பக்கம் திரும்பினார். அவர்கள் மூங்கிலைப் பார்த்தார்கள்.

சம்பந்தியின் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது திறந்தார். "ஏங்க, நீங்க ரெண்டாவது படியிலயே மூச்சு வாங்கறீங்க. அவரு மாடி ஏறி மொட்டை மாடிக்கே போயிட்டாரு. நேரம் போவுது. கம்பை அவர் கையில குடுங்க."

சம்பந்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூங்கிலை எடுத்து அவரே கொடுத்தார். குழியில் நவதானியமும் பாலும் விட்டு, உகாண்டாக்காரர் கம்பை நிறுத்தினார். அக்கா மெஷினைப் பெட்டிக்குள் நிறுத்துவாரே, அதுபோல ஆடாமல் நின்றது. மகள் காலில் விழுந்து எழுந்து, "பெத்நைனா" என்றாள். பெரியப்பா என்று அர்த்தம். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கை காட்டினார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒன்று கேட்டார். அதைச் சொல்லும்போது எனக்கே தயக்கம். "சம்பந்தி, அவங்க ஊர்ல பொண்ணு எடுக்கறவங்க பொண்ணோட அண்ணனுக்குச் சேவல் குடுக்கணுமாம். சேவல் வராம பொண்ணு வராதாம். இந்தப் பொண்ணுக்கு அண்ணன் இல்ல, அந்த எடத்துலயும் இவரேதான் நிக்கறாராம்."

"கேட்டது நம்ம பங்காளி. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்" என்றார் அக்கா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சம்பந்தியின் மனைவி புருஷனைப் பார்த்தார். அவர் வேனை எடுத்துக்கொண்டு போனார். கடையில் எல்லாம் பிராய்லர். வெள்ளைக் கோழி வேண்டாம், நாட்டுச் சேவல்தான் வேண்டும் என்று அவரே தேடியிருக்கிறார். ஆரம்பித்துவிட்டால் குறை வைக்கிற மனிதர் இல்லை. கஞ்சிபோட்ட சட்டையெல்லாம் இறகாக, சிவப்புக் கொண்டைச் சேவல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அதுவரை 'அந்தம்மா ஊடு' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், வாசல் பலகைக்குக் கீழே நின்று, "கம்பாலா ஊட்டுக்கு எங்க ஊட்டுச் சேவல்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிக் கொடுத்தார்.

உகாண்டாக்காரர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. பிளேனில் ஏற்ற முடியாது. அக்காவிடம் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பே ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் மகள் கையில், அவர்கள் ஊரில் மரப்பட்டையைத் தட்டிச் செய்யும் மெல்லிய துணி ஒன்றைக் கொடுத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். சேவலை அக்கா பந்தலின் ஓரத்திலேயே ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தார். "கூடை நம்மளது" என்றார்.

கல்யாணமும் அதே வாசலில், அதே பந்தலில். காய்ச்சல் இறங்கிய டாக்டர் நெல்லூரிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேக்கிங் செக்‌ஷன் முழுக்க வந்திருந்தது. தாலி கட்டுவதற்கு முன்னும் ஒருமுறை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். பெரியவர் கடைசி முறையாகக் குரல் கொடுத்தார்.

"கம்பாலா ஊட்டு ஆளுங்க யாரு வந்திருக்கீங்க?"

டாக்டர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுவதற்குள், கூடைக்கு உள்ளேயிருந்து சேவல் கூவியது. தெருவுக்கே கேட்டது. சம்பந்தி குலுங்கிச் சிரித்தார். அக்கா, "கேட்டுச்சில்ல? நம்ம ஊட்டு ஆளு" என்றார். டாக்டர் கை தூக்கினார். குமாரு, தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல், அவனும் தூக்கினான்.

சிரிப்பு அடங்கும் நேரத்தில் மணையில் உட்கார்ந்திருந்த பெண், மாலையும் கழுத்துமாக எழுந்து நின்றாள்.

"நானும் கீறேன்" என்றாள்.

பந்தலில் ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. பெரியவர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். அக்காதான் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னார்.

"முகூர்த்தம் போவுது. இப்ப உக்காரும்மா."